பேச்சு வராத பிள்ளைக்கு பருப்பு கடையுற விளையாட்டு

ஆட்டிசமோ டவுன் சிண்ட்ரோமோ இருந்து இன்னும் பேச்சு வராத பிள்ளை வீட்ல இருந்தா, நாம முதல்ல செய்றது ஃபிளாஷ் கார்டு கட்டு ஒண்ணு வாங்கிட்டு வந்து "இது என்ன, சொல்லு, ஆப்பிள் சொல்லு"ன்னு உக்கார வெச்சு கேக்குறதுதான். பிள்ளை எந்திரிச்சு ஓடிரும். பின்ன ஓடாதா, நாள் பூரா பரீட்சை வெச்சா?

பேர் சொல்றது பொறுமையா வரட்டும். தனக்கு வேணுங்கறதை நம்மகிட்ட தெரிவிக்கணும்னு பிள்ளைக்கு தோணணும், அதுக்கு பாட்டிங்க காலத்து பருப்பு கடையுற விளையாட்டே போதும்.

உள்ளங்கையில நம்ம முழங்கையை வெச்சு பருப்பு கடைஞ்சு, அம்மாவுக்கு அப்பாவுக்குன்னு விரலை ஒவ்வொண்ணா மடக்கி, ரெண்டு விரலை நண்டூருது நரியூருதுன்னு கை மேல ஏத்திட்டுப் போய் அக்குள்ல கிச்சுகிச்சு. முதல்ல கொஞ்ச நாள் நிறுத்தாம முழுசா விளையாடுங்க, அடுத்து என்ன வரும்னு பிள்ளைக்கு மனப்பாடம் ஆகணும். அப்புறம் ஒருநாள் முழங்கை மடிப்பு வரைக்கும் போய் விரலை நிறுத்திடுங்க. வாயையும் மூடிக்கணும். மூஞ்சில மட்டும் "வரட்டுமா?"ங்கற மாதிரி ஒரு சிரிப்பு. மனசுக்குள்ள பத்து எண்ணுங்க, அந்த பத்து வரைக்கும் சும்மா இருக்குறது நமக்குத்தான் பெரிய கஷ்டம், நடுவுல "சொல்லு சொல்லு"ன்னு வாய் வந்துரும்.

பிள்ளை உங்க கண்ணைப் பாக்கலாம், உங்க கையைப் புடிச்சு அக்குள் பக்கம் இழுக்கலாம், "ம்"னு ஒரு சத்தம் விடலாம். எது வந்தாலும் அது கேட்டதாத்தான் கணக்கு, உடனே "கிச்சுகிச்சு!"ன்னு சொல்லிக்கிட்டே மூட்டிருங்க. ஒண்ணுமே வரலைன்னாலும் பத்து முடிஞ்சதும் மூட்டிட்டு அடுத்த ரவுண்டு போங்க.

தொட்டாலே பிடிக்காத பிள்ளைங்க இருக்காங்க, அவங்களுக்கு கிச்சுகிச்சு வேண்டவே வேண்டாம். ஊஞ்சல்ல வெச்சு "ஒண்ணு... ரெண்டு..."ன்னு இழுத்துப் புடிச்சு நிறுத்துங்க, "மூணு"க்கு காத்திருங்க.

பபுள்ஸ் பாட்டிலும் நல்லா வேலை செய்யும். மூடியை டைட்டா மூடி கையில குடுத்துட்டு சும்மா இருங்க, தொறக்க முடியாம உங்ககிட்டயே கொண்டு வந்து நீட்டும்போது "தொற!"ன்னு ஒரே வார்த்தை சொல்லி தொறந்து ஊதுங்க.

முறை மாத்தி விளையாட பந்து உருட்டுறது போதும். கொஞ்சம் பெரிய பிள்ளைன்னா பல்லாங்குழி, ஆனா 14 குழியும் வேண்டாம், ஆளுக்கு ரெண்டு குழி வெச்சு ஆரம்பிங்க. எதையும் வாயில போடுற பழக்கம் இருந்தா சோழி, புளியங்கொட்டை பக்கமே போகாதீங்க.

பிள்ளையே பட அட்டையை நம்ம கையில குடுத்து வேணுங்கறதை கேக்குற பெக்ஸ் முறை 1985ல அமெரிக்காவுல ஆரம்பிச்சது, படத்தைத் தொட்டா அந்த வார்த்தையை சத்தமா சொல்ற, சென்னையில உருவான ஆவாஸ் ஆப்ல தமிழும் இருக்கு. "படத்தைக் காட்டிப் பழகினா பேச்சே வராது"ன்னு சொந்தக்காரங்க பயமுறுத்துவாங்க, அது தப்பு, தாராளமா குடுங்க.

பிள்ளை மூஞ்சியைத் திருப்பினா, கையைத் தள்ளினா, "வேண்டாமா? சரி, போதும்"னு உடனே நிறுத்தணும், ஏன்னா அதுவும் பேச்சுதான். காது டெஸ்ட் இதுவரை எடுக்கலைன்னா முதல்ல அதை எடுத்துருங்க, சின்ன பிள்ளைங்களுக்கு தூங்கும்போதே பெரா டெஸ்ட் (சத்தத்துக்கு காது நரம்பும் மூளையும் பதில் தருதான்னு பாக்குறது) பண்ணிடுவாங்க.