304: முதல் நாலு சீட்டில் கேட்பதா, விடுவதா?

திருகோணமலையில் செத்தவீட்டுப் பந்தலில் இரவு முழித்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் காட்ஸ் வந்துவிடும். அது பெரும்பாலும் 304ஆகத்தான் இருக்கும். "தம்பி, ஒரு கை குறையுது, வந்து இரு" என்று கூப்பிட்டால், சீட்டுப் போடத் தெரிந்த அளவுக்குக் கேள்வி கேட்க (இத்தனை புள்ளி எடுப்போம் என்று முன்கூட்டியே ஏலம் சொல்ல) தெரியாதவர்களுக்குத்தான் சங்கடம். இந்தக் குறிப்பு அவர்களுக்கானது.

கட்டைத் தயார் செய்தல்

52 சீட்டுக் கட்டில் 2 முதல் 6 வரை உள்ளவற்றையும் ஜோக்கர்களையும் எடுத்துவிட்டால் 32 மிஞ்சும். வலிமை வரிசையும் புள்ளியும் இப்படி: ஜாக்கி 30, ஒன்பது 20, ஆசு 11, பத்து 10, ராசா 3, ராணி 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு இனத்துக்கு 76, நாலு இனத்துக்கு 304. ராசாவைக் கண்டதும் சந்தோசப்படுகிற பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். பத்துகூட அவரை அடித்துவிடும்.

எதிரெதிரே இருப்பவர்கள் பாட்னர். போடுவது வலப்பக்கமாகச் சுற்றும். முதலில் ஆளுக்கு நாலு சீட்டு. அதைப் பார்த்துத்தான் கேள்வி. குறைந்த கேள்வி 160, பிறகு பத்துப் பத்தாக ஏறும். பாட்னர் கேட்டதற்கு மேல் கேட்பதென்றால், வழக்கமான விதியில் 200க்குப் போக வேண்டும். ஊருக்கு ஊர் விதி கொஞ்சம் மாறும். முதல் சீட்டு விழுவதற்கு முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள், நடுவில் கேட்டால் சண்டைதான்.

நாலு சீட்டை எடை போடுதல்

புள்ளியை மட்டும் கூட்டிப் பார்ப்பது புதியவர்களின் முதல் பிழை. இரண்டு கையை ஒப்பிடுவோம்.

முதலாவது: ஸ்கோப்பனில் (ஸ்பேட்) ஜாக்கி, ஒன்பது, ஏழு, கூடவே டயமன் ஆசு. கையில் 61 புள்ளி. மிச்சம் 243 புள்ளி காணாத 28 சீட்டில் கிடக்கிறது. அதில் 12 சீட்டு உங்கள் பக்கத்துக்கு வரும் (உங்களுக்கு இன்னும் 4, பாட்னருக்கு 8). சராசரியாகப் பார்த்தால் 104. மொத்தம் 165. துரும்பு, அதாவது மற்ற இனங்களை வெட்டுவதற்குக் கேள்வி எடுத்தவர் தெரிவுசெய்யும் இனம், அதன் தலையான ஜாக்கியும் உங்களிடம். தயங்காமல் 160 கேட்கலாம்.

இரண்டாவது: ஸ்கோப்பனில் ஒன்பது, ஆசு, பத்து, கூடவே ஒரு டயமன் ஏழு. மூன்று நல்ல சீட்டு ஒரே இனத்தில் இருப்பதால் கண்ணுக்கு அழகு. ஆனால் 41தான். மேலே சொன்ன கணக்கில் 154க்குத்தான் வரும். அதைவிட மோசம், ஸ்கோப்பன் ஜாக்கி எங்கே? காணாத 28இல் 16 எதிராளிகளிடம் போகும், அதாவது 57 வீதம் அவர்களிடம். அந்த ஜாக்கி உங்கள் ஒன்பதைப் பிடித்தால் ஒரே பிடியில் (ஒரு சுற்றில் விழும் நாலு சீட்டில்) 50 புள்ளி போய்விடும். விட்டுவிடுங்கள்.

மற்றவை சுருக்கமாக. ஜாக்கியோடு அதே இனத்தில் இன்னும் இரண்டு இருந்து, நாலாவது வேறொரு ஜாக்கியோ ஆசோ என்றால் 160 கேட்கலாம். வெவ்வேறு இனத்தில் தனித்தனியாக இரண்டு ஜாக்கி வந்தால் 60 புள்ளி இருந்தாலும் துரும்பாக்க நீளம் இல்லை. அது பாட்னர் கேட்டால் கைகொடுக்கிற கை. நாலும் ஒரே இனமாக வந்து அதில் ஒன்பது இருந்தால், ஜாக்கி இல்லாமலும் துணிந்து பார்க்கலாம். அந்த இனத்தில் வெளியே நாலு சீட்டுத்தானே மிச்சம்.

எவ்வளவுக்குப் போகலாம்

பல இடங்களில் 160 முதல் 190 வரை கேட்டு வென்றால் ஒரு காய் (வெற்றி தோல்வியைக் கணக்கு வைக்கும் அடையாளம்), தோற்றால் இரண்டு. 200 முதல் மேலே கேட்டு வென்றால் இரண்டு, தோற்றால் மூன்று. இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். வழக்கமாக 160 கேட்பவர் மூன்றுக்கு இரண்டு முறை வென்றால்தான் கை கடிக்காது. எதிராளி 170 என்றதும் ரோசத்தில் 180 என்பவர்தான் அதிகம் தோற்பவர். எதிராளி ஏறட்டும், அவர் விழுந்தால் இரண்டு காய் உங்களுக்கு.

எட்டுச் சீட்டும் வந்தபின் கேட்கலாம், ஆனால் குறைந்தது 250. அதாவது எதிராளிக்கு 54க்கு மேல் விடக்கூடாது. ஒரு ஜாக்கியும் ஒரு ஒன்பதும் தப்பினாலே 50. முதல் கொஞ்சக் காலத்துக்கு இந்தப் பக்கம் போக வேண்டாம்.

காய்க்குக் கடற்கரைச் சோகி போதும். பொது இடத்தில் காசு வைத்து ஆடினால் பொலிஸ் வரும், சொந்தபந்தமும் கெடும்.

துரும்பைக் கவிழ்த்தல்

கேள்வி எடுத்தவர் துரும்பு இனத்தில் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார். ஜாக்கி, ஒன்பது, ஏழு என்றால் ஏழை வையுங்கள். கவிழ்த்த சீட்டு துரும்பு திறக்கும்வரை மேசையிலேயே கிடக்கும். எதிராளி தெரியாமல் அதே இனத்தை இறக்கும்போது அடிக்க ஜாக்கி கையில் இருக்க வேண்டும். சீட்டை உருவும்போது கையை நெஞ்சோடு அணைத்துப் பிடியுங்கள், பக்கத்தில் இருப்பவர் பார்வை அங்கேதான். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் வெளியே இருந்து ஆடினால் கவிழ்த்த சீட்டின்மேல் ஒரு சோகியைப் பாரமாக வையுங்கள். பறந்து திரும்பினால் அந்த ஆட்டம் அவ்வளவுதான்.

கேட்டதை எடுத்தல்

எட்டுச் சீட்டும் வந்தபின் துரும்பில் ஜாக்கி, ஒன்பதோடு நாலு சீட்டுக்கு மேல் இருந்தால் திறந்தே ஆடுங்கள். முதல் இறக்கம் உங்களுடையது என்றால் துரும்பையே இரண்டு சுற்று இறக்கி எதிராளியிடம் உள்ளதை உறிஞ்சிவிடலாம். குறைவாக இருந்தால் மூடியே வைத்திருங்கள். மூடிய ஆட்டத்தில் இறக்கிய இனம் இல்லாதவர் சீட்டைக் கவிழ்த்துப் போடுவார். கேள்வி எடுத்தவர் புரட்டிப் பார்ப்பார். அதில் துரும்பு இருந்தால்தான் வெட்டு, அத்தோடு துரும்பும் வெளியே வரும்.

பாட்னரின் வேலை பெரியது. பிடி உங்கள் பக்கம் விழுவது நிச்சயமென்றால் பத்தையும் ஆசையும் அதற்குள் போட வேண்டும். எதிராளி எடுக்கப்போகிறார் என்றால் எட்டும் ஏழும். அந்த இனத்து ஜாக்கி இன்னும் விழவில்லை என்றால், பாட்னர் ஒன்பதை இறக்கியதைப் பார்த்து அவசரப்பட்டுப் பத்தைத் தள்ளாதீர்கள். உங்களுக்குப் பின்னால் இன்னொரு ஆள் போட இருக்கிறார்.