ஊர்த் திடலில் இயற்கைப் படவிழா: முதன்முறை நடத்துவோருக்கு

ஏரிக்கரை ஊர், தன்னார்வலர்கள் பத்துப் பேர், தரையில் உட்காரும் 150 பார்வையாளர்கள், ஒரே மாலை. இந்த அளவுக்கான செய்முறை இது.

1. நாளும் அனுமதியும்
பருவமழை ஓய்ந்து, பொதுத்தேர்வு தொடங்காத இடைவெளிதான் தோது. பிப்ரவரி 2 உலக ஈரநில நாள். அதை ஒட்டிய சனிக்கிழமையைப் பிடியுங்கள். வேலையை ஒன்றரை மாதம் முன்பே தொடங்குங்கள். யூடியூபில் கிடைக்கிறது என்பதற்காக ஒரு படத்தைத் திடலில் போட்டுவிட முடியாது. உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தணிக்கைச் சான்றிதழ் இருக்கிறதா என்றும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் மனு கொடுக்க வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் ஓடக் கூடாது.

2. இடம்
ஏரிக்கரை வேண்டாம், அழகாக இருந்தாலும். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கே வெடி வெடிக்காத ஊர்கள் வேடந்தாங்கலும் கொள்ளுக்குடிப்பட்டியும். பறவைப் படம் காட்டப் போய்ப் பறவைகளைக் கலைக்கக் கூடாது. ஊருக்குள் பள்ளி மைதானம் போதும். ஸ்பீக்கரின் முகம் ஏரிக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். பக்கத்துத் தெருவிளக்கை அன்று மட்டும் அணைக்க ஊராட்சியில் சொல்லி வையுங்கள்.

3. திரையும் புரொஜெக்டரும்
10 அடி அகலம், 5 அடி 8 அங்குல உயரத்தில் வெள்ளைத் துணி. ஒளி ஊடுருவாமல் இருக்கப் பின்னால் கறுப்புத் துணி. கீழ் விளிம்பு தரையிலிருந்து 4 அடி உயரத்தில் நிற்கட்டும். மேலே மட்டும் கட்டினால் காற்றில் பாய்மரம்போல் உப்பும். நாலு பக்கமும் சட்டத்தில் இழுத்துக் கட்டுங்கள். புரொஜெக்டரின் வெளிச்சம் 3000 லூமெனுக்குக் குறையக் கூடாது. த்ரோ விகிதம் (திரை அகலத்தைப்போல் எத்தனை மடங்கு தூரத்தில் புரொஜெக்டர் நிற்க வேண்டும் என்ற கணக்கு) 1.5 என்றால் திரையிலிருந்து 15 அடியில் வரும், அதாவது கூட்டத்தின் நடுவில். சுற்றிக் கயிறு கட்டாவிட்டால் பிள்ளைகள் கைநிழலில் மான், முயல் எல்லாம் காட்டிவிடுவார்கள்.

மின்சாரம் ஒரு நொடி போனாலும், விளக்குவகை புரொஜெக்டர் ஆறி மறுபடி எரியச் சில நிமிடமாகும். அதற்கும் லேப்டாப்புக்கும் மட்டும் 1 கேவிஏ யூபிஎஸ் கொடுங்கள். ஜெனரேட்டரை 100 அடி தள்ளி வையுங்கள்.

4. ஒலி
காசு குறைவென்றால் திரையில் மிச்சம் பிடியுங்கள், ஒலியில் வேண்டாம். படம் கொஞ்சம் மங்கினாலும் ஜனம் உட்காரும். பேச்சு புரியாவிட்டால் எழுந்துவிடும். கூம்பு ஸ்பீக்கரில் அடிநாதமே வராது. ஸ்டாண்டில் இரண்டு பாக்ஸ் ஸ்பீக்கர்கள், திரைக்கு இருபுறமும், உட்கார்ந்திருப்பவர் தலைக்கு மேல். ‘உம்ம்’ என்று இரைந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் எர்த் சிக்கல். லேப்டாப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில், ஒலிக் கம்பியில், ஐசொலேட்டர் (எர்த் இணைப்பைப் பிரித்துவிடும் சிறு கருவி) போட்டால் தீரும்.

ஆங்கில வர்ணனைக்குத் தமிழ் சப்டைட்டில் போட்டால் பின்வரிசைக்கும் சிறுவர்களுக்கும் எட்டாது. உரிமையாளர் சம்மதித்தால், ஒரு தன்னார்வலர் மைக்கில் நேரடியாகத் தமிழில் சொல்வதே மேல். நிமிடக் குறிப்போடு எழுதி வைத்து வாசிக்க வேண்டும்; அப்போது படத்தின் ஒலியை மூன்றில் ஒரு பங்காகக் குறையுங்கள்.

5. ஒத்திகை, ஓட்டம்
5 முதல் 15 நிமிடப் படங்கள், மொத்தம் 75 நிமிடம். நீளமானதை இரண்டாவதாகப் போடுங்கள். கடைசியில் வைத்தால் பாதித் திடல் காலி. எல்லாம் 1080பி எம்பி4 கோப்புகளாக, லேப்டாப்பிலும் பென்டிரைவிலும் ஒரு பிரதி. பென்டிரைவ் ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது, எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள். முந்தின நாள் இருட்டிய பிறகு, அதே திடலில், ஒவ்வொரு படத்திலும் இரண்டு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். பிப்ரவரித் தொடக்கத்தில் மாலை 6.45க்கு முன் படம் வெளுத்துத் தெரியும். அதுவரை வனத்துறை ஊழியரைப் பேசச் சொல்லலாம்.

முடிந்ததும் புரொஜெக்டர் விசிறி தானாக நிற்கும்வரை பிளக்கைப் பிடுங்காதீர்கள்.