கடைப் பேஜைப் பார்க்க ஆள் வேணுமா? முதல்ல சாவி, பிறகு ஆள்

மட்டக்களப்புக் கல்லடியில் எங்களுடையது சின்னக் கடை. மருதமுனைத் தறிகளிலிருந்து சாறியும் சாரனும் எடுத்து விற்கிறோம். பேஸ்புக் பேஜைத் திறந்து தந்தது தெரிந்த பொடியன் ஒருவன். நல்ல பிள்ளை. கட்டாருக்குப் போனான், போன இடத்தில் அவனுடைய எக்கவுன்ட் முடங்கியது, எங்கள் பேஜும் அதோடு போய்விட்டது. "அக்கா, நான் என்ன செய்ய?" என்று வொய்ஸ் மெசேஜில் அழாத குறை. அதனால்தான் இங்கே ஆள் தேடுகிற கதை இரண்டாவதாக வருகிறது.

பேஜை உங்கள் சொந்த எக்கவுன்டிலிருந்து நீங்களே திறவுங்கள். பிறகு பேஜுக்கு மாறி செட்டிங்ஸ், பேஜ் செட்அப், பேஜ் அக்செஸ் என்று போனால் இரண்டு வழி தெரியும்: பேஸ்புக் அக்செஸ், டாஸ்க் அக்செஸ். நான் இரண்டாவது தடவையும் மாட்டுப்பட்டது இங்கேதான். பேஸ்புக் அக்செஸ் கொடுக்கும்போது கீழே 'ஃபுல் கொன்ட்ரோல்' என்று ஒரு பொத்தான் இருக்கும். முழுசாகக் கொடுத்தால்தானே வேலை செய்வார் என்று நினைத்து அதையும் தட்டிவிட்டேன். தட்டினால் அவர் உங்களையே வெளியே போடலாம், பேஜையே அழிக்கலாம். போஸ்ட் போடவும் கொமன்டுக்குப் பதில் எழுதவும் அது தேவையே இல்லை. டாஸ்க் அக்செஸ் போதும். அவர் மெட்டா பிஸினஸ் சூட்டில், அதாவது பேஜைப் பார்த்துக்கொள்ள பேஸ்புக் கம்பனியே தருகிற அப்பில், வேலை செய்வார். போஸ்டுக்கு நேரம் குறித்து வைக்கலாம், இன்ஸ்டகிராமை இணைத்துவிட்டால் அந்த மெசேஜ்களும் அங்கேயே வரும். பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

வட்ஸ்அப் பிஸினஸுக்குக் கடைப் பெயரில் தனி சிம் எடுங்கள், போன் கடையிலேயே இருக்கட்டும். பேஜைப் பார்க்கிறவருடைய போனை லிங்க்ட் டிவைஸாக, அதாவது அதே வட்ஸ்அப்பைத் திறக்கும் இன்னொரு கருவியாக, சேர்க்கலாம். 4 வரை சேர்க்க முடியும். கடைப் போனை 14 நாள் திறக்காமல் விட்டால் எல்லாம் கழன்றுவிடும்.

சரி, இனி ஆள். கொழும்புக் கம்பனியா, ஊர்ப் பிள்ளையா என்றால் நான் ஊர்ப் பிள்ளை பக்கம். புதுச் சாறி வந்த அன்றே கடைக்கு வந்து படம் எடுக்க வேண்டும். கொழும்பிலிருந்து அது நடக்காது.

மூன்று பேர் வந்தார்கள். மூவருக்கும் ஒரே சாறியைக் கொடுத்து, ஒரு போஸ்ட் செய்து தரச் சொன்னேன், அதற்கும் காசு கொடுத்தேன். (சும்மா செய்துகாட்டு என்று கேட்காதீர்கள், பாவம்.) ஒருவர் பொன் எழுத்து டெம்ப்ளேட்டில் சாறியையே மறைத்துவிட்டார். இன்னொருவர் 'விலை இன்பொக்ஸில்' என்று போட்டார். எனக்குப் பிடிக்காத வசனம் அது. மூன்றாவது தங்கச்சி சாறியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் கரையை மடித்துக் கிட்டத்தில் எடுத்தார். எழுதுவதற்கு முன்னால், "நீளம் எவ்வளவு அக்கா, பிளவுஸ் துண்டு இருக்கா?" என்று கேட்டார்.

அடுத்து, வாடிக்கையாளர் மாதிரி நானே ஒரு மெசேஜ் எழுதினேன்: "கழுவினா சாயம் போகுமா?" இருவர் உடனே "100% தரம் சிஸ்" என்றார்கள். தங்கச்சி "கேட்டுச் சொல்றேன்" என்றுவிட்டுத் தறிக்காரருக்கு போன் பண்ணினார். அவரையே எடுத்தேன்.

இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: பெருநாளுக்கு இரண்டு கிழமைக்கு முன் என்ன போடுவீர்கள், மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு என்ன? எங்கள் வாடிக்கை முஸ்லிம், இந்து இரண்டு பக்கமும்தான். சிங்களத்தில் நாலு வரி பதில் எழுதத் தெரிந்தால் இன்னும் நல்லது.

பூஸ்ட் காசை, அதாவது போஸ்டை விளம்பரமாக ஓட்டக் கட்டும் காசை, சம்பளத்தோடு கலக்க வேண்டாம். விளம்பர எக்கவுன்டில் செலவுக்கு உச்ச வரம்பு போடலாம், போட்டுவிடுங்கள். லைக்கை நான் எண்ணுவதில்லை. பேஜைப் பார்த்து வந்த ஓடர் எத்தனை என்று சீ.ஆர். கொப்பியில் (தடித்த அட்டைக் கொப்பி) தனிப் பக்கம் வைத்திருக்கிறேன். எக்ஸெலை விட எனக்கு அதுதான் வசதி.

பின்சேர்க்கை: இதை வாசித்த களுவாஞ்சிக்குடி அண்ணர் ஒருவர், "உங்கட எக்கவுன்டே முடங்கினா?" என்று கேட்டார். நான் யோசிக்காத விசயம். இப்போது மகளுக்கும் ஃபுல் கொன்ட்ரோல் கொடுத்திருக்கிறேன், வீட்டு ஆள் என்பதால். அவளும் போன கிழமை பாஸ்வேர்டை மறந்துவிட்டாள், அது வேற கதை.