கல்லூரி குவாட்டர்பேக்கை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக் என்எஃப்எல்; கல்லூரி வீரர்களை அதன் அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி டிராஃப்ட். 2017 டிராஃப்டில் சிகாகோ பேர்ஸ் அணி 3-வது இடத்தில் இருந்தது. ஒரே ஓர் இடம் முன்னேறுவதற்காக மூன்று கூடுதல் தேர்வுகளை விட்டுக்கொடுத்து, நார்த் கரோலினா பல்கலைக்கழகக் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் வீரர்) மிட்செல் ட்ரூபிஸ்கியை எடுத்தது. கல்லூரியில் அவர் தொடக்க வீரராக இறங்கியது 13 ஆட்டங்களில் மட்டுமே. அதே டிராஃப்டில் 10-வது இடம் வரை காத்திருந்தவர், பின்னாளில் என்எஃப்எல் பட்டப் போட்டியான சூப்பர் பவுலை வென்ற பேட்ரிக் மஹோம்ஸ். பேர்ஸின் ஸ்கவுட்டுகள் (வீரர்களை எடைபோடுபவர்கள்) ஆட்டம் தெரியாதவர்கள் இல்லை. மஹோம்ஸை அன்று பல அணிகள் தயங்கித்தான் பார்த்தன. அந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், இந்த வேலையில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகளில் பாதி புரிந்துவிடும்.

மஹோம்ஸ் ஆடியது டெக்சஸ் டெக்கில். 'ஏர் ரெய்டு' முறையின் கோட்டை அது. நாலைந்து ரிசீவர்களை (பாஸைப் பிடிப்பவர்களை) மைதானம் முழுக்கப் பரப்பி நிறுத்துவது, ஆட்டம் முழுக்கப் பாஸ் எறிவது, எளிமையான திட்டங்களை வேகமாக ஓட்டுவது. இந்த முறையில் யார்டுகள் கொட்டும். அதே கல்லூரியின் பி.ஜே. சைமன்ஸ் 2003-இல் ஒரே பருவத்தில் 5,833 யார்டு எறிந்தார். அன்றைக்கு அதுவே தேசிய சாதனை. டிராஃப்டில் அவரை 7-வது சுற்றில்தான் எடுத்தார்கள். என்எஃப்எல் பருவத்தில் ஓர் ஆட்டம்கூட அவர் ஆடவில்லை. ஆக, கல்லூரிப் புள்ளிவிவரத்தை அப்படியே நம்பக் கூடாது என்பது பழைய பாடம். அதை எல்லா அணிகளும் கற்றுக்கொண்டன.

ஆனால் கற்றதை அளவுக்கு மீறிப் பிடித்துக்கொண்டார்கள். 'சிஸ்டம் குவாட்டர்பேக்' என்று முத்திரை குத்திவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தது அடுத்த தவறு. 2016 அக்டோபரில் ஓக்லஹோமாவுக்கு எதிராக மஹோம்ஸ் 734 யார்டு எறிந்து, 66-59 என்று தோற்றார். எண்ணை மட்டும் பார்ப்பவர் அதை ஏர் ரெய்டின் வீக்கம் என்று ஒதுக்கிவிடலாம். அந்தக் காலத்து டேப்பை உட்கார்ந்து பார்த்தவருக்கோ வேறொன்று தெரியும். திட்டம் குலைந்தபின், பாதம் ஊன்றாமல், உடம்பு ஒரு பக்கம் போக பந்து இன்னொரு பக்கம் போகும். அது எந்தப் பயிற்சியாளரின் திட்டப் புத்தகத்திலும் இல்லை. அது அவருடைய சொந்தச் சொத்து. எந்தக் கல்லூரி வீரரைப் பார்த்தாலும் முதலில் பிரிக்க வேண்டியது இதைத்தான்: எது முறை கொடுத்தது, எது அவர் கொண்டுவந்தது?

இதைப் பிரிக்க, இரண்டு ஆட்டங்களுக்கும் இடையே விதிகளில் உள்ள வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். கல்லூரி மைதானத்தில், பந்தை வைத்துத் தொடங்கும் நடுப்பகுதியின் இரு ஓரங்களைக் காட்டும் ஹாஷ் மார்க் கோடுகளுக்கு இடையே 40 அடி. என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம்தான். கல்லூரியில் பந்து ஓரத்து ஹாஷில் இருந்து தொடங்கினால் மறுபக்கம் பெரிய வெட்டவெளி. அங்கே ஆளில்லாமல் நிற்கும் ரிசீவருக்கு எறிவது பெரிய சாதனை இல்லை. அதே ஓரத்திலிருந்து எதிர்ப்பக்க எல்லைக்கோடு வரை, டிஃபெண்டர் கிட்டே நிற்கும்போது, பந்தைத் தாழ்வாக வேகமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தால் அந்தக் கை உண்மையான கை. அப்புறம், பாஸ் ஆட்டத்தில், குவாட்டர்பேக்கைக் காக்கும் லைன்மேன்கள் பந்து வைக்கப்பட்ட கோட்டைத் தாண்டிப் போகக் கல்லூரியில் 3 யார்டு வரை அனுமதி உண்டு. என்எஃப்எல்லில் 1 யார்டுதான். ஓட்டமா பாஸா என்று கடைசி நொடியில் முடிவெடுக்கும் ஆர்பிஓ ஆட்டங்கள் கல்லூரியில் அவ்வளவு சுலபமாக ஓடுவதற்கு இது ஒரு பெரிய காரணம். ஒருவருடைய பாஸ்களில் பெரும்பங்கு ஆர்பிஓவும் ஸ்க்ரீனும் (மிகக் குறுந்தூரப் பாஸ்) என்றால், 70 சதவீதம் பாஸ் முடித்தார், அதாவது அத்தனை பாஸ் ரிசீவர் கையில் சேர்ந்தது என்ற எண் நமக்கு மிகக் குறைவாகவே சொல்கிறது. பத்து யார்டுக்கு மேல் போன பாஸ்களைத் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும்.

கூட ஆடியவர்களைக் கணக்கில் எடுப்பதிலும் இதே இரட்டைத் தவறு. 2020-இல் அலபாமாவின் மேக் ஜோன்ஸ் 77.4 சதவீதம் பாஸ் முடித்தார். அவர் எறிந்ததைப் பிடித்தவர், அந்த ஆண்டு சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கிய டெவான்டா ஸ்மித். என்எஃப்எல்லில் முதல் பருவம் நன்றாகப் போனது, அதன்பின் இறங்குமுகம். சரி, நட்சத்திரங்களோடு ஆடியவரை ஒதுக்கிவிடலாமா என்றால், 2019-இல் எல்எஸ்யு கல்லூரியில், பின்னாளில் என்எஃப்எல்லிலும் ஜொலித்த ஜோ பரோவுக்கு ஜமார் சேஸும் ஜஸ்டின் ஜெஃபர்சனும் இருந்தார்கள். முந்தைய பருவத்தில் 16 டச்டவுன் (எதிரணி எல்லைக்குள் கொண்டுபோய்ப் புள்ளி எடுக்கும்) பாஸ், அந்தப் பருவத்தில் 60. சந்தேகப்பட எல்லாக் காரணமும் இருந்தது. ஆனால் பாக்கெட்டுக்குள் (லைன்மேன்கள் அமைக்கும் பாதுகாப்பு வளையத்துக்குள்) நெருக்கடி வரும்போது அவர் இரண்டடி நகர்ந்து, கண்ணைக் கீழே இறக்காமல், அடுத்த ரிசீவரைத் தேடுவது தெளிவாகத் தெரிந்தது. அதை எந்த ரிசீவரும் அவருக்குச் செய்து கொடுக்க முடியாது.

உயரம், கை அளவு போன்றவற்றைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். 6 அடி ட்ரூ பிரீஸும் அதைவிடக் குள்ளமான ரஸ்ஸல் வில்சனும் சூப்பர் பவுல் வென்றபின் உயரத்தை ஒரு தகுதிக் கோடாக வைப்பதில் அர்த்தமில்லை. உயரம் குறைந்தவர் லைன்மேன்களுக்கு இடையே பார்வைக்கு வழி தேடத் தெரிந்தவரா, மைதானத்தின் நடுப்பகுதிக்கு எறிகிறாரா என்று பார்த்தால் போதும்.

டிராஃப்டுக்கு முன் கல்லூரி வீரர்கள் என்எஃப்எல் அணிகளுக்குத் திறமையைக் காட்டும் ப்ரோ டே என்பது இன்னொரு பொறி. 2021-இல் பிஒய்யு கல்லூரியின் சாக் வில்சன் இடப்பக்கம் ஓடியபடியே உடம்புக்குக் குறுக்காக வெகுதூரம் எறிந்த ஒரு பாஸ் நாடு முழுக்கச் சுற்றியது. நியூயார்க் ஜெட்ஸ் அவரை 2-வது ஆளாக எடுத்தது, மூன்று பருவங்களில் கைவிட்டது. நேர்மாறாக, 2014-இல் டெடி பிரிட்ஜ்வாட்டர் வழக்கமான கையுறை இல்லாமல் எறிந்து ப்ரோ டேயில் சொதப்பினார். முதல் சுற்றின் கடைசி இடமான 32-க்குச் சரிந்தார். அடுத்த ஆண்டே மினசோட்டா வைக்கிங்ஸைப் பிரிவு சாம்பியன் ஆக்கினார். நெட்ஸில் அடிக்கும் சிக்ஸரை வைத்து யாரும் டெஸ்ட் அணியைத் தேர்ந்தெடுப்பதில்லை. இங்கே எதிரணியே இல்லாத மைதானத்தில் எறிந்த ஒரு பந்து பல வாரம் பேச்சாகிறது. ப்ரோ டேயை உடற்காயம் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க மட்டும் பயன்படுத்தலாம் என்பது என் கருத்து.

பலர் கவனிக்காமல் விடும் விஷயம் சாக். குவாட்டர்பேக் பாக்கெட்டிலேயே வீழ்த்தப்பட்டால் பழியை லைன் மீது போடுவது வழக்கம். பாதி நியாயம்தான் அது. பந்தை எவ்வளவு நேரம் கையில் வைத்திருப்பது என்பது அவர் முடிவு. அந்தப் பழக்கம் அணி மாறினாலும் கூடவே வரும். 2021-இல் முதல் சுற்றில் தேர்வான ஜஸ்டின் ஃபீல்ட்ஸுக்குப் பந்தை நீண்ட நேரம் பிடித்துவைப்பார் என்ற குறை ஓஹியோ ஸ்டேட் காலத்திலேயே சொல்லப்பட்டது. சிகாகோவில் 2022 பருவத்தில் 55 முறை வீழ்த்தப்பட்டார். கல்லூரியில் வேகமான கால்கள் இந்தக் குறையை மறைத்துவிடும், ஓடித் தப்பித்துவிடலாம். என்எஃப்எல்லில் துரத்துகிறவர்களும் அதே வேகத்தில் ஓடுவார்கள். நெருக்கடி வந்த தருணங்களில் எத்தனை சாக்காக முடிந்தன என்ற விகிதத்தைப் பாருங்கள். எண்களில் நான் மிகவும் நம்புவது இதைத்தான்.

அடுத்தது, விதிவிலக்கை விதியாக்குவது. இதுதான் இன்று அதிகம் சேதம் செய்வது என்று நினைக்கிறேன். ஜாஷ் ஆலன் வயோமிங்கில் 56 சதவீதம் மட்டுமே பாஸ் முடித்தார். 2020-இல் பஃபலோவில் அது 69.2 ஆனது, 2024 பருவத்தில் எம்விபி (பருவத்தின் மிக மதிப்புமிக்க வீரர்) ஆனார். அதிலிருந்து பெரிய உடல், பலமான கை, குறி தவறும் பாஸ் என்று யார் வந்தாலும் 'அடுத்த ஆலன்' என்கிறார்கள். 2023-இல் 4-வதாகத் தேர்வான ஆந்தனி ரிச்சர்ட்சன் ஃபுளோரிடாவில் 13 ஆட்டங்களில்தான் தொடக்க வீரர், கடைசிப் பருவத்தில் 53.8 சதவீதம். 2024-இல் இண்டியானாபொலிஸில் அது 47.7-க்கு இறங்கியது. பாவம், அனுபவமே போதாத இளைஞர் மீது இன்னொருவருடைய கதையை ஏற்றினார்கள். குறி தவறுவது பெரும்பாலானவர்களுக்குத் திருந்துவதில்லை. திருந்தும் என்று பந்தயம் கட்டுபவர், கால் வைப்பதில் உள்ள பிழையா, பார்வையில் உள்ள பிழையா என்று முதலில் சொல்ல வேண்டும். முதலாவதைப் பயிற்சியில் சரிசெய்ய வழி உண்டு.

வீரரை மட்டும் எடைபோட்டுவிட்டு அவர் போய்ச் சேரும் இடத்தை மறப்பதும் தவறுதான். 2002-இல் முதல் தேர்வாகப் புதிய ஹூஸ்டன் அணிக்குப் போன டேவிட் கார் அந்த ஒரே பருவத்தில் 76 முறை வீழ்த்தப்பட்டார். அவர் எவ்வளவு நல்ல வீரர் என்று கண்டுபிடிக்கவே வாய்ப்பில்லாமல் போனது. மஹோம்ஸோ அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் கிட்டத்தட்ட ஒரு பருவம் முழுக்க உட்கார்ந்து பார்த்தார். ஜெட்ஸ் கைவிட்ட சாம் டார்னால்ட் 2024-இல் மினசோட்டாவில் 14 வெற்றி கண்டார்.

நீங்களே பார்க்க ஆசைப்பட்டால் ஹைலைட்ஸ் வேண்டாம், முழு ஆட்டம் பாருங்கள். அந்த வீரரின் அணி தோற்ற ஆட்டமாகவும், எதிரணியின் டிஃபென்ஸ் நல்லதாகவும் இருக்கட்டும். மூன்றாவது டவுனில் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) 7 யார்டுக்கு மேல் தேவைப்படும் இடங்களில் மட்டும் நிறுத்தி நிறுத்தி, பந்து வந்தபின் அவருடைய தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, முதல் ரிசீவர் மறிக்கப்பட்டால் இரண்டாவதைத் தேடுகிறதா, இல்லை உடனே ஓடத் தொடங்குகிறாரா என்று குறித்துக்கொண்டே வாருங்கள். மூன்று ஆட்டம் இப்படிப் பார்த்தபின் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறக்கலாம்.