போட்ல பேட்டரி மாத்தப் போறீங்களா? எதை எதோட கலக்கலாம், எதைக் கலக்கவே கூடாது

போட் வாங்குன புதுசுல நான் பண்ண ஒரு காரியத்த சொல்லிட்டே ஆரம்பிக்கிறேன். லைட்டு, ஃபிரிட்ஜ் எல்லாம் ஓட்டுறதுக்கு ரெண்டு பேட்டரி இருந்துச்சு, ரெண்டும் தண்ணி ஊத்துற பழைய டைப், அஞ்சு வருஷம் உழைச்சது. அதுல ஒண்ணு செத்துப்போச்சு. ஒண்ணு தானே போச்சுன்னு அத மட்டும் கழட்டிட்டு அந்த இடத்துல புத்தம் புது ஏஜிஎம் (தண்ணி ஊத்த வேண்டாத சீல் பண்ண வகை) ஒண்ண வாங்கி பழசோட பேரலல்ல, அதாவது பிளஸ்ஸோட பிளஸ், மைனஸோட மைனஸ் சேத்து மாட்டிட்டேன். காசு மிச்சம்னு சந்தோஷம் வேற. ஒரே சீசன்ல புதுசும் படுத்துடுச்சு. ஒரே நுகத்துல கிழட்டு மாட்டையும் கன்னுக்குட்டியையும் பூட்டுன கதை தான், பழசு தன்னால சார்ஜ் இழந்துட்டே இருக்கும், அந்த ஓட்டைய அடைக்க ராத்திரி பகலா புதுசு தன்கிட்ட இருக்குறத ஊத்திட்டே இருக்கும், கடைசியில ரெண்டும் முழுசா சார்ஜ் ஆகவே ஆகாது.

அதனால நான் இப்ப புடிச்சுக்கிட்டு இருக்குற ரூல் ஒண்ணே ஒண்ணு தான். ஒரே போட்ல ரெண்டு வகை பேட்டரி இருக்கலாம், ஒரே பேங்க்ல இருக்கக் கூடாது. பேங்க்னா காசு போடுற பேங்க் இல்லங்க, ஒண்ணோட ஒண்ணு கேபிள்ல சேத்துக் கட்டி ஒரே பேட்டரி மாதிரி வேலை செய்யுற கூட்டம். நிறைய போட்ல ரெண்டு பேங்க் இருக்கும். இன்ஜின ஸ்டார்ட் பண்றதுக்கு ஒண்ணு, மத்த எல்லாத்துக்கும் ஹவுஸ் பேங்க்னு ஒண்ணு.

முதல்ல உங்ககிட்ட என்ன இருக்குன்னு பாருங்க

ஸ்டார்ட்டிங் பேட்டரிக்குள்ள மெல்லிசான பிளேட்டு நிறைய இருக்கும், ஒரு சில செகண்டுக்கு நூத்துக்கணக்கான ஆம்ப் தள்ளும், ஆனா அடி வரைக்கும் இறக்கி இறக்கி ஏத்துனா சீக்கிரம் போயிடும். டீப் சைக்கிள்ல பிளேட்டு தடிமனா இருக்கும், மெதுவா நிதானமா மணிக்கணக்கா குடுக்கும். ஒண்ணோட வேலைய இன்னொண்ணுகிட்ட குடுத்தா ஆயுசு குறையும்.

அடுத்தது உள்ள இருக்குற சரக்கு. மூடிய தொறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊத்துறது ஃபிளடட். அதே ஆசிட்ட கண்ணாடி நார் பாயில ஊற வச்சு சீல் பண்ணா ஏஜிஎம். ஆசிட்ட கூழ் மாதிரி ஆக்குனா ஜெல். இந்த மூணும் ஈயமும் ஆசிட்டும் சேந்த லெட் ஆசிட் குடும்பம். அப்புறம் லித்தியம், போட்ல வைக்குறது பெரும்பாலும் லித்தியம் அயன் பாஸ்பேட், போன்ல இருக்குற அந்த லித்தியம் இல்ல, அத விட ரொம்ப சாது.

மல்டிமீட்டர் ஒண்ணு கையில இருக்கட்டும். சார்ஜர், லோடு எல்லாத்தையும் ஆஃப் பண்ணி ஒரு சில மணி நேரம் ஆற விட்டு அளக்கணும், உடனே அளந்தா பொய் சொல்லும். லெட் ஆசிட் ஃபுல்லா இருந்தா 12.7 வோல்ட் பக்கம் காட்டும், ஏஜிஎம்னா கொஞ்சம் கூட, பாதின்னா சுமார் 12.1. லித்தியம் ஃபுல்லா இருந்தா 13.3 இல்ல 13.4 காட்டும், பாதி காலியானாலும் 13-க்கு மேல தான் நிக்கும். அதனால வோல்ட்ட வச்சு லித்தியத்துல எவ்ளோ மிச்சம் இருக்குன்னு சொல்லவே முடியாது, அதுக்கு ஷன்ட் (போற வர்ற கரண்ட்ட அளக்குற துண்டு) வச்ச பேட்டரி மானிட்டர் வேணும்.

ஏன் கலக்கக் கூடாது

இந்த நம்பர்லயே காரணம் ஒளிஞ்சிருக்கு. 13.3-ல நிக்கிற லித்தியத்த 12.7-ல நிக்க வேண்டிய லெட் ஆசிட்டோட நேரா கட்டுனா என்ன ஆகும், லித்தியம் தான் லெட்டுக்கு சார்ஜர் ஆயிடும், நாள் முழுக்க சொட்டு சொட்டா ஊத்திட்டே இருக்கும். லோடு போட்டாலும் முதல்ல லித்தியம் தான் உழைக்கும், லெட் சும்மா உக்காந்திருக்கும், லித்தியம் காலியானதும் தான் எழுந்திரிக்கும்.

சார்ஜ் பண்றதுலயும் ஒவ்வொண்ணுக்கும் ஒரு குணம். ஃபிளடடுக்கு 14.4-ல இருந்து 14.8 வரைக்கும் ஒத்துக்கும். ஏஜிஎம்மும் கிட்டத்தட்ட அதே தான், 14.4 பக்கம். ஜெல்லுக்கு பெரும்பாலும் 14.1 போதும், அதுக்கு மேல போட்டா கூழுக்குள்ள குமிழ் வந்து அங்கயே நின்னுடும், அந்த இடம் அப்புறம் வேலைக்கு ஆகாது. லித்தியத்துக்கு 14.2-ல இருந்து 14.6, ஆனா லெட் மாதிரி எப்பவும் உச்சியில ஃபுல்லா நிக்க வைக்கணும்னு அவசியமே இல்ல. ஃபிளடடுக்கு சில சார்ஜர் ஈக்வலைஸ்னு 15 வோல்ட்டுக்கு மேல ஏத்தும் பாருங்க, அத லித்தியத்துக்கோ ஜெல்லுக்கோ தப்பித்தவறி கூட போட்டுடாதீங்க. இதெல்லாம் பொதுக் கணக்கு, கடைசி வார்த்தை உங்க பேட்டரி லேபிள்ல இருக்குற நம்பர் தான்.

ஒரே வகையா இருந்தாலும் ஒரு பேங்க்ல எல்லாம் ஒரே வயசு, ஒரே கம்பெனி, ஒரே சைஸ்ல இருக்கட்டும். ஒண்ணு போனா எல்லாத்தையும் மாத்துங்க. வலிக்கும் தான், ஆனா நான் கட்டுன ஃபீஸ நீங்களும் கட்ட வேணாம்.

எவ்ளோ பெருசு வேணும்

ஒரு பேப்பர் எடுத்து கணக்கு போடுங்க. ஃபிரிட்ஜ் சராசரியா 2.5 ஆம்ப் இழுத்தா 24 மணி நேரத்துக்கு 60 ஆம்ப் அவர் (ஆம்ப்ப மணி நேரத்தால பெருக்குனது). லைட்டு 5, பிளாட்டர் (கடல் மேப் காட்டுற ஸ்கிரீன்) 12, பம்ப்பு, போன் சார்ஜுன்னு ஒரு 8. மொத்தம் 85. லெட் ஆசிட்ல பாதிக்கு கீழ இறக்காம இருந்தா தான் ஆயுசு, அப்ப 170 ஆம்ப் அவர் வேணும். லித்தியத்துல 80 சதவீதம் தைரியமா எடுக்கலாம், 106 போதும். வெயிட்டும் பாருங்க, 100 ஆம்ப் அவர் ஏஜிஎம் சுமார் 30 கிலோ, லித்தியம் 12 கிலோ பக்கம். போட்ல ஒரு பக்கம் இருந்து 40 கிலோவ தூக்கிட்டா போட் நிக்கிற சாய்வே மாறலாம், இத யாரும் முன்னாடி சொல்ல மாட்டாங்க.

கழட்டுறது

கரை கரண்ட்ட பிடுங்குங்க, சார்ஜர ஆஃப் பண்ணுங்க. சோலார் இருந்தா பேட்டரிக்கு முன்னாடி பேனல தான் கழட்டணும், பேட்டரி இல்லாம பேனல் மட்டும் ஓடிட்டு இருந்தா சில கன்ட்ரோலருக்கு ஆகாது. பேட்டரி பெட்டிய தொறந்து வச்சு கொஞ்ச நேரம் காத்தாட விடுங்க, ஃபிளடட் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும், காத்துல 4 சதவீதம் சேந்தாலே பொறி பட்டா புடிச்சுக்கும். மோதிரம், வாட்ச் எல்லாம் கழட்டி வைங்க.

அப்புறம் போட்டோ. நாலு பக்கத்துல இருந்தும் எடுங்க, ஒவ்வொரு ஒயருக்கும் டேப் ஒட்டி பேர் எழுதுங்க. குறிப்பா மெயின் சுவிட்ச்சுக்குப் போகாம நேரா பேட்டரிக்கு வர்ற மெல்லிசான ஒயர் ஒண்ணு ரெண்டு இருக்கும், அது பில்ஜ் பம்ப்பா (போட்டோட அடியில சேருற தண்ணிய வெளிய தள்ளுறது) இருக்கலாம். அத திருப்பி மாட்ட மறந்துட்டு வீட்டுக்குப் போயிட்டா என்ன ஆகும்னு நான் சொல்லணுமா.

நெகட்டிவ முதல்ல கழட்டணும், பாசிட்டிவ அப்புறம். மாட்டும்போது தலைகீழ், பாசிட்டிவ் முதல்ல, நெகட்டிவ் கடைசி. ஸ்பேனர் கைப்பிடிய டேப் சுத்தி வச்சுக்குங்க.

வைக்குறது

புதுச வச்சு நல்லா இறுக்கிக் கட்டுங்க. அமெரிக்க படகு ஸ்டாண்டர்டு ஏபிஒய்சில என்ன சொல்றாங்கன்னா, 90 பவுண்டு விசையில இழுத்தாலும் பேட்டரி 1 இன்ச்சுக்கு மேல நகரக் கூடாது. அலையில போட் குதிக்கும்போது ஏன்னு புரியும். பாசிட்டிவ் டெர்மினலுக்கு மூடி போடுங்க. கையால திருகுற பட்டாம்பூச்சி நட்டு வேணாம், அதிர்வுல தளர்ந்துடும், தளர்ந்தா சூடாகும்.

ஃபியூஸ் விஷயத்துல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. அதே ஸ்டாண்டர்டு படி பேட்டரிய விட்டு வெளிய வந்து 7 இன்ச்சுக்குள்ள ஃபியூஸ் இருக்கணும், ஸ்டார்ட்டர் மோட்டர் கேபிளுக்கு விலக்கு உண்டு. லித்தியத்துல ஷார்ட் ஆனா ஆயிரக்கணக்கான ஆம்ப் பாயும், சாதா ஃபியூஸ் உருகுனாலும் நடுவுல நெருப்பு தாண்டி ஓடலாம், அதனால கிளாஸ் டி (ஆங்கில T) ஃபியூஸ் தான்.

பேரலல்ல ரெண்டு போடுறீங்கன்னா மெயின் பாசிட்டிவ முதல் பேட்டரியிலயும் மெயின் நெகட்டிவ கடைசி பேட்டரியிலயும் எடுங்க, அப்ப தான் ரெண்டும் சமமா உழைக்கும். லித்தியமா இருந்தா சேத்துக் கட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் தனித்தனியா ஃபுல் சார்ஜ் பண்ணிடுங்க.

இப்ப கலக்குற கட்டம்

ஸ்டார்ட்டிங் ஃபிளடட், ஹவுஸ் ஏஜிஎம்னா பெரிய தலைவலி இல்ல. நடுவுல விஎஸ்ஆர்னு ஒரு ரிலே, சார்ஜ் வந்து 13.3 பக்கம் ஏறுனா ரெண்டு பேங்க்கையும் சேக்கும், 12.8 பக்கம் இறங்குனா பிரிச்சிடும். ரெண்டுக்கும் ஒத்து வர்ற சார்ஜ் வோல்ட்டா பாத்து வச்சா போதும்.

ஹவுஸ் பக்கம் லித்தியம் வந்துட்டா இந்த ரிலே ஏமாந்துடும். லித்தியம் சும்மா இருக்கும்போதே 13.3 தானே, சார்ஜ் வருதுன்னு நெனச்சு ரிலே சேத்துப் புடிச்சுட்டே இருக்கும். அத கழட்டிட்டு டிசி டூ டிசி சார்ஜர் போடுங்க. ஆல்டர்னேட்டர் (இன்ஜின் சுத்தும்போது கரண்ட் தர்றது) நேரா ஸ்டார்ட்டிங் பேட்டரிக்கு மட்டும் போகட்டும், அங்க இருந்து இந்த சார்ஜர் எடுத்து லித்தியத்துக்கு வேண்டிய வோல்ட்ல குடுக்கும்.

இதுல இன்னொரு லாபமும் இருக்கு. லித்தியம் எவ்ளோ குடுத்தாலும் வாங்கிக்கும், நேரா கட்டுனா ஆல்டர்னேட்டர் மூச்சு விடாம ஓடி சூட்டுல கருகிடும். அத விட மோசம், லித்தியத்துக்கு உள்ள இருக்குற பிஎம்எஸ் (பேட்டரிய காவல் காக்குற சர்க்யூட்) ஏதோ காரணத்துக்காக திடீர்னு கட் பண்ணா, போய்ட்டு இருந்த கரன்ட்டுக்கு போக்கிடம் இல்லாம வோல்ட் எகிறி ஆல்டர்னேட்டர் டையோடு போயிடும். 30 ஆம்ப் டிசி டூ டிசி போட்டா இழுக்குறது ஒரு அளவுல நிக்கும், பிஎம்எஸ் கட் பண்ணாலும் ஆல்டர்னேட்டர புடிச்சுக்க ஸ்டார்ட்டிங் பேட்டரி இருக்கு.

நெகட்டிவ் எல்லாம் ஒண்ணா தான் இருக்கணும், அதையும் பிரிக்கணும்னு சிலர் நெனைக்கிறாங்க, வேணாம். எந்த பேங்க்னு தேர்ந்தெடுக்குற 1, 2, போத் சுவிட்ச் இருந்தா போத் (ரெண்டையும் சேக்குறது) பக்கம் இனிமே திருப்பாதீங்க, ஒரு அவசரத்துக்கு தவிர. அந்த அவசரத்துலயும் உங்க பிஎம்எஸ் ஸ்டார்ட்டர் இழுக்குற ஆம்ப்ப தாங்குமான்னு முன்னாடியே பாத்து வைங்க. கரை சார்ஜருக்கு ரெண்டு அவுட்புட் இருந்தாலும் பல மாடல்ல ரெண்டும் ஒரே புரொஃபைல் (சார்ஜ் வோல்ட் கணக்கு) தான் குடுக்கும், அப்படின்னா லித்தியத்துக்குத் தனி சார்ஜர். குளிர் ஊர்ல ஓட்டுறவங்க, 0 டிகிரிக்கு கீழ லித்தியத்த சார்ஜ் பண்ணவே கூடாது, பிஎம்எஸ்ல அந்த கட் ஆஃப் இருக்கான்னு பாத்து வாங்குங்க.

சரியா வந்துச்சான்னு பாக்குறது

இன்ஜின போட்டு 20 நிமிஷம் ஓட விடுங்க. ஸ்டார்ட்டிங் பேட்டரியில 14 வோல்ட் பக்கம் வரணும், லித்தியம் பக்கம் மானிட்டர்ல சார்ஜ் ஆம்ப் காட்டணும். லக் (கேபிள் முனையில இருக்குற வளையம்) ஒவ்வொண்ணையும் தொட்டுப் பாருங்க, ஏதாவது ஒண்ணு மட்டும் சுட்டா அது சரியா இறுகல. இன்ஜின ஆஃப் பண்ணதும் கொஞ்ச நேரத்துல டிசி டூ டிசியும் நிக்கணும்.

அப்புறம் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு ஒரு ராத்திரி விட்டுட்டு காலையில வந்து ரெண்டு பேங்க்கையும் அளங்க. ஸ்டார்ட்டிங் 12.7, ஹவுஸ் 13.3ன்னு ரெண்டும் வேற வேற காட்டுனா வேலை முடிஞ்சுது. ரெண்டும் ஒரே நம்பர காட்டுனா எங்கயோ ஒரு பாசிட்டிவ் இன்னும் கட்டியே கெடக்குது, முன்னாடி எடுத்த போட்டோவ தொறந்து வச்சுட்டு ஒயர் ஒயரா தேட வேண்டியது தான்.