டிஎல்எல் காணவில்லை என்று விண்டோஸ் சொன்னால் செய்யக்கூடாதவை

புதிதாக ஒரு மென்பொருளைப் போட்டுவிட்டுத் திறந்தால், "விசிரன்டைம்140 டிஎல்எல் காணவில்லை" என்று ஒரு சின்னப் பெட்டி வந்து நிற்கும். டிஎல்எல் என்பது பல மென்பொருள்கள் பகிர்ந்து பயன்படுத்தும் துணைக் கோப்பு. உடனே அந்தப் பெயரைக் கூகுளில் தேடி, முதலில் வருகிற தளத்திலிருந்து அந்த ஒரு கோப்பை மட்டும் இறக்கி, விண்டோஸின் சொந்தக் கோப்புகள் இருக்கும் சிஸ்டம்32 ஃபோல்டரில் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அந்தக் கோப்போடு வைரஸும் சேர்ந்து வரலாம் என்பது ஒரு பக்கம். வைரஸ் இல்லாவிட்டாலும் பிரச்சினை தீராது.

ஏனென்றால் அது தனிக் கோப்பு அல்ல. மைக்ரோசாஃப்டின் நிரலாக்கக் கருவியான விஷுவல் சி++ கொண்டு எழுதிய மென்பொருள்கள் ஓடுவதற்கு ஒரு தொகுப்பு தேவை, அதில் இதுவும் ஒன்று. இதைப் போட்டால் அடுத்து எம்எஸ்விசிபி140 காணவில்லை என்று வரும். அதையும் வேறு எங்கிருந்தோ கொண்டுவந்தால் இரண்டும் வேறு வேறு பதிப்பாக இருக்கும். அப்போது "புரொசீஜர் என்ட்ரி பாயின்ட்" கிடைக்கவில்லை என்ற புதுப் பிழை வரும். கோப்பு இருக்கிறது, ஆனால் மென்பொருள் தேடும் செயல்கூறு அந்தப் பதிப்பில் இல்லை என்று அதற்குப் பொருள்.

மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே "விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்" என்ற பெயரில் அந்தத் தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. அதை முழுதாக நிறுவுங்கள். விஷுவல் சி++ பதிப்புகளில் 2015, 2017, 2019, 2022 ஆகிய நான்குக்கும் ஒரே தொகுப்பு போதும். 2013, 2012, 2010, 2008 ஆகியவை அப்படி இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனி, ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

இதைத் தெரிந்துகொள்ளாததால் நடக்கும் இன்னொரு தவறைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கண்ட்ரோல் பேனலில் ஒரே பெயரில் எட்டுப் பத்து வரிகள் இருப்பதைப் பார்த்துவிட்டு, பழசெல்லாம் எதற்கு என்று நீக்கிவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவர் சி டிரைவில் இடம் வேண்டும் என்று 2008, 2010 இரண்டையும் எடுத்துவிட்டார். மறுநாள் காலை பில் போடும் மென்பொருள் திறக்கவில்லை. தேர்வு விண்ணப்பக் கூட்டம் வாசலில் நிற்கும் நேரம், மனிதர் தவித்துப்போனார். எடுத்ததைத் திரும்பப் போட்டதும் ஓடியது. அவர் அதில் மிச்சப்படுத்திய இடமோ மிகக் கொஞ்சம்.

அப்புறம் 32 பிட், 64 பிட் குழப்பம். 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 ஃபோல்டரில் இருப்பவை 64 பிட் கோப்புகள். 32 பிட் கோப்புகள் சிஸ்வாவ்64 ஃபோல்டரில் இருக்கும். பெயர்கள் நேர்மாறாகத் தோன்றும், ஆனால் உண்மை இதுதான். கையால் கோப்பை நகலெடுப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். 7பி என்று முடியும் பிழை எண் வந்தால் பெரும்பாலும் இந்தக் கலப்படம்தான் காரணம். 64 பிட் கணினியிலும் 32 பிட் மென்பொருள்கள் ஓடுவதால் எக்ஸ்86 (32 பிட்), எக்ஸ்64 (64 பிட்) இரண்டு தொகுப்புகளையும் போட்டுவிடுவது நல்லது. பிரின்டர் போன்ற கருவிகளை இயக்கும் டிரைவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. பழைய பிரின்டரின் 32 பிட் டிரைவரை 64 பிட் விண்டோஸ் ஏற்காது, எத்தனை முறை முயன்றாலும்.

விண்டோஸ் 7 இன்னும் வைத்திருப்பவர்கள் "கம்பாட்டிபிலிட்டி மோட்" மீது வீண் நம்பிக்கை வைக்கிறார்கள். அது பழைய மென்பொருளைப் புதிய விண்டோஸில் ஓட்ட உதவுவது. புதிய மென்பொருள் கேட்கும் வசதியைப் பழைய விண்டோஸுக்கு அது தராது. "ஏபிஐ எம்எஸ் வின் சிஆர்டி" என்று தொடங்கும் கோப்பு காணவில்லை என்றால், விண்டோஸ் 7க்கான சர்வீஸ் பேக் 1 என்ற அப்டேட் தொகுப்பு இருக்கிறதா என்று பார்த்து, கேபி2999226 என்ற அப்டேட்டைப் போட்டால் சரியாகும். விண்டோஸின் அடிப்படைக் கோப்பான கெர்னல்32 கோப்பிலேயே என்ட்ரி பாயின்ட் இல்லை என்று வந்தால் எந்தத் தொகுப்பும் உதவாது. அந்த விண்டோஸுக்கு ஏற்ற கடைசிப் பதிப்பைத் தேட வேண்டும். குரோமில் அது 109, பைத்தானில் 3.8.

டாட்நெட் என்பதும் மென்பொருள்கள் ஓடத் தேவையான இன்னொரு மைக்ரோசாஃப்ட் தொகுப்பு. டாட்நெட் 3.5 கேட்கும் மென்பொருளுக்கு 4.8 இருந்தால் போதும் என்று நினைப்பதும் தவறு. விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பகுதியில் 3.5ஐத் தனியாக இயக்க வேண்டும்.

ஏற்கெனவே விண்டோஸின் சொந்தக் கோப்பு ஒன்றின் மேல் எதையாவது எழுதிவிட்டீர்களா? அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, விண்டோஸ் கோப்புகளைச் சோதித்துச் சரிசெய்யும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் (sfc /scannow) கட்டளையை ஓட்டுங்கள். பதற்றத்தில் ஃபார்மட் செய்துவிட்டு, அதே பொருந்தாத பதிப்பைத் திரும்பவும் நிறுவினால் அதே பெட்டிதான் வரும். அதற்கு முன்பு அந்தப் பெட்டியை மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிழைகளை விண்டோஸ் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் அந்த நேரத்துப் பதிவு இருந்தால் திறந்து, எந்தக் கோப்பு, எந்தப் பதிப்பு என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு மாற்றம் மட்டும் செய்து, மென்பொருளைத் திறந்து பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.