கொழும்பில் சாண்ட்விச்சும் ரோல்ஸும்: எந்தக் கடை இருக்கிறது, எது போய்விட்டது, எப்படிக் கண்டுபிடிப்பது

ஓகஸ்ட், டிசம்பர் விடுமுறைக்குக் கொழும்பில் வந்து இறங்குகிற நம்மவர்கள் பலர் கையில் ஒரு சாப்பாட்டுப் பட்டியலோடுதான் வருகிறார்கள். ரோல்ஸுக்கு ஒரு கடை, கொத்துக்கு ஒரு கடை, போன முறை பிள்ளைகள் விரும்பிச் சாப்பிட்ட சாண்ட்விச்சுக்கு ஒரு கடை. அந்தப் பட்டியல் 2019க்கு முந்தியது என்றால் அதை நம்பி ஓட்டோ பிடிக்க வேண்டாம். முதலில் விசாரியுங்கள்.

இடையில் நடந்தது கொஞ்சநஞ்சம் இல்லை. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு, 2020இலும் 2021இலும் கொரோனா ஊரடங்கு, அதிலிருந்து எழும்புவதற்குள் 2022 பொருளாதார நெருக்கடி. டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாவில் இருந்து சில மாதங்களுக்குள் 360 ரூபா வரை போனது. 2021 நடுப்பகுதியில் 1,500 ரூபாவுக்கும் குறைவாக இருந்த 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபா, அதுவும் வரிசையில் நின்று கிடைத்தால். மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் 75 வீதமும் 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 வீதமும் ஏறியது. மாவும் கேஸும் மின்சாரமும் இல்லாமல் பேக்கரி எப்படி நடக்கும்? 2022 என்ற ஒரே ஆண்டில் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை தேடி நாட்டை விட்டுப் போனார்கள், அதில் நல்ல சமையல்காரர்களும் போனார்கள். ஆகவே உங்களுக்குப் பிடித்த கடையின் இடத்தில் இன்று போன் கடையோ மருந்துக் கடையோ இருந்தால் அந்த முதலாளியைக் குறை சொல்ல மனம் வரக்கூடாது. தாக்குப்பிடித்து நிற்கிற கடைகளுக்குத்தான் நாம் போக வேண்டும், அதற்கு எது நிற்கிறது என்று தெரிய வேண்டும்.

கூகுள் வரைபடத்தை மட்டும் நம்பாதீர்கள். மூடின கடையையும் அது மாதக்கணக்கில் திறந்திருப்பதாகக் காட்டும். அதிலே பார்க்க வேண்டியது நட்சத்திரத்தை இல்லை, கடைசியாக யார் எப்போது படம் போட்டார்கள் என்பதை. போன மாதத்துப் படம் இருந்தால் பயமில்லை. இன்னும் நல்ல வழி, சாப்பாடு ஓடர் செய்கிற அப்களான பிக்மீ அல்லது ஊபர் ஈட்ஸைத் திறந்து அந்தக் கடை இந்த நேரம் ஓடர் எடுக்கிறதா என்று பார்ப்பது. எடுத்தால் உள்ளே அடுப்பு எரிகிறது என்று அர்த்தம். ஆனால் சில பெயர்கள் அந்த அப்பில் மட்டும்தான் இருக்கும், உட்கார ஒரு கதிரை கூட இருக்காது, பின் லேனில் ஒரு சமையலறை மட்டும். குடும்பத்தோடு கிளம்புவதற்கு முன் ஒரு போன் போட்டு “இருந்து சாப்பிட இடம் இருக்கா தம்பி?” என்று கேட்டுவிடுங்கள்.

பெயர்ப்பலகை அப்படியே இருக்கும், கை மாறியிருக்கும். இதுதான் நான் அதிகம் எச்சரிக்க விரும்புவது. முதலாளி கனடாவுக்குப் போயிருப்பார், வாங்கினவர் பெயரை விட்டுவைத்துச் சமையலை மாற்றியிருப்பார். வெள்ளவத்தையில் இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, அதே லேனில் இருக்கிற பலசரக்குக் கடையில் கேட்பது. “இப்ப நல்லதோ?” என்று கேட்டால் போதும், முழுக் கதையும் வரும். ஒரே பெயரில் பல கடைகள் இருப்பதும் உண்டு. காலி வீதியில் கொத்துக்குப் பிலாவூஸ் என்று சொல்லி ஓட்டோவில் ஏறினால் எந்தப் பிலாவூஸ் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்; கொள்ளுப்பிட்டி என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

சரி, சாண்ட்விச்சுக்கு வருவோம். கொழும்பில் மூன்று விதம் இருக்கிறது, மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவது நியாயமில்லை.

முதலாவது பேக்கரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற முக்கோணச் சாண்ட்விச். முட்டை, கோழி, சில இடங்களில் மரக்கறி. காலையில் செய்வது, பத்து மணிக்குள் வாங்கினால் பாண் மெதுமெதுவென்று இருக்கும். பின்னேரம் அதையே வாங்கினால் ஓரம் காய்ந்திருக்கும், வெயில் நேரத்தில் முட்டையும் மயோனேஸும் வெளியில் கிடந்ததைச் சாப்பிட நான் சம்மதிக்க மாட்டேன். 1902இல் தொடங்கிய பெரேரா அன்ட் சன்ஸ் மாதிரிக் கிளைகள் நிறைய உள்ள இடங்களில் சரக்கு வேகமாக ஓடும், அதனால் ஓரளவு நம்பலாம். ஆனால் ருசி என்று கேட்டால் என் வாக்கு லேனுக்குள் இருக்கிற சின்னப் பேக்கரியின் சீனிச்சம்பல் பணிஸுக்குத்தான். வெங்காயம் நன்றாக வதங்கி, இனிப்பும் உறைப்பும் சேர்ந்து, பணிஸ் இன்னும் சூடாக இருக்கும்போது. லண்டனில் எத்தனை தமிழ்க் கடை வந்தாலும் அந்தப் பணிஸ் அங்கே சரிவருவதில்லை. சூடான பணிஸ் தட்டு எப்போது வரும் என்று காசாளரிடம் கேளுங்கள், பெரும்பாலும் விடியற்காலையும் பின்னேரம் மூன்று, நான்கு மணியும்தான்.

இரண்டாவது சப்மரீன். நீளப் பணிஸை வெட்டிக் கோழி, கோவா, சோஸ் வைத்துத் தருவது, டைன்மோர் மாதிரி உள்ளூர்ச் சங்கிலிக் கடைகளில் இரவிலும் கிடைக்கும். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது பிடிக்கும், காரம் குறைக்கச் சொன்னால் குறைப்பார்கள், கண்முன்னே செய்வதால் வயிற்றுக்கும் பயமில்லை. மூன்றாவது கொழும்பு 3, 5, 7 பக்கத்துக் கஃபேக்கள். நல்ல பாண், நல்ல கோப்பி, ஏசி. விலை ஐரோப்பா அளவுக்கு வந்துவிடும், அதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று எனக்குத் தோன்றும். யாரையாவது சந்தித்து இரண்டு மணித்தியாலம் கதைக்க வேண்டும் என்றால் போங்கள்.

பழைய முறைத் தேத்தண்ணிக் கடையில் நீங்கள் கேட்காமலே ஒரு தட்டில் ரோல்ஸ், பற்றீஸ், கட்லட், மீன் பணிஸ் எல்லாம் கொண்டுவந்து வைப்பார்கள். பதற வேண்டாம். சாப்பிட்டதற்கு மட்டும்தான் காசு. எடுக்காததைக் கையால் தொட்டுப் பார்க்காதீர்கள், அது அடுத்த மேசைக்குப் போகும். பிள்ளைகளுக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது நிறைய. மரக்கறி ரோல்ஸின் வெளிப்பூச்சில் முட்டை இருக்கும், பற்றீஸின் மேலே மினுங்குவதும் பல இடங்களில் முட்டைதான், பொரிக்கிற எண்ணெய் மீனுக்கும் மரக்கறிக்கும் ஒன்று. சீனிச்சம்பலிலும் தேங்காய்ச் சம்பலிலும் மாசிக் கருவாடு போடுவது சிங்களக் கடைகளில் வழக்கம். மாசிக்குச் சிங்களத்தில் “உம்பலகட”, அந்தச் சொல்லைப் பாடமாக்கி வைத்துக்கொண்டு, போட்டதா என்று கேளுங்கள். விரதம் என்றால் இந்த விசாரணையே வேண்டாம், நேரே வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி சைவக் கடைகளுக்குப் போய் இடியப்பமோ தோசையோ சாப்பிடுங்கள்.

புதிதாகத் திறப்பவை கடற்கரைப் பக்கமாக மரைன் டிரைவில்தான் கண்ணில் அதிகம் படுகின்றன. பின்னேரக் காற்றுக்கும் கடலுக்கும் அங்கே உட்காரலாம், பக்கத்திலேயே ரயில் ஓடும், பிள்ளைகளுக்குச் சந்தோஷம். சாப்பாட்டுக்கு மட்டும் என்றால் நான் காலி வீதிக்கும் உள் லேன்களுக்கும்தான் போவேன். திறப்பு விழாத் தள்ளுபடி போட்ட வாரத்தில் எந்தக் கடைக்கும் போக வேண்டாம். கூட்டமும் குழப்பமும்தான் மிஞ்சும். கோட்டையில் 2011இல் கடைத்தொகுதியாக மாறிய டச்சு ஆஸ்பத்திரி, 2019 நவம்பரில் திறந்த வன் கோல் ஃபேஸ் இரண்டிலும் உள்ளே கடைகள் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் ஒரு குறிப்பிட்ட கடையைக் குறி வைத்துப் போகாமல் சும்மா போய்ப் பார்த்துத் தெரிவு செய்வதுதான் நல்லது. மாறாத ஒன்று வேண்டும் என்றால் தும்முல்லைச் சந்திப் பக்கம் டச்சுப் பறங்கியர் சங்கத்தில் லம்ப்ரைஸ் சாப்பிடுங்கள், சோற்றையும் கறிகளையும் வாழையிலையில் கட்டி அவணில் சுட்டது.

பில்லைப் பார்த்து அதிர்ச்சி அடைகிறவர்களுக்கு: 2024 ஜனவரியில் இருந்து வற் வரி 18 வீதம், மேசையில் பரிமாறுகிற இடங்களில் 10 வீதம் சேவைக் கட்டணமும் சேரும். மெனுவில் போட்ட விலை இவை சேர்ந்ததா என்று ஓடர் கொடுக்கும்போதே கேளுங்கள். சின்னக் கடையில் இதெல்லாம் இல்லை, அங்கே பரிமாறின தம்பியின் கையில் ஏதாவது கொடுங்கள்.

பூட்டியிருக்கிற நாட்களும் தெரிந்திருக்க வேண்டும். போயா (பௌர்ணமி) தினத்தில் மதுவும் இறைச்சிக் கடையும் கிடையாது, சாப்பாட்டுக் கடைகள் பெரும்பாலும் திறந்திருக்கும். வெள்ளி மதியம் முஸ்லிம் கடைகள் ஜும்ஆவுக்காகக் கொஞ்ச நேரம் பூட்டும், நோன்பு மாதத்தில் பல கடைகள் பகலில் திறப்பதில்லை. ஞாயிறில் புறக்கோட்டையின் பெரும்பகுதி பூட்டு. ஏப்ரல் புத்தாண்டுக்கு வேலைக்காரர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், நான்கைந்து நாள் கொழும்பில் சாப்பாடு தேடுவதே பாடு. அந்த வாரம் வருகிறவர்கள் தங்குமிடத்தில் சமையலறை இருக்கிறதா என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணம் போகிறீர்கள் என்றால், பஸ் வெள்ளவத்தையில் இருந்தே கிளம்பும், வழியில் எங்கே நிறுத்துவது என்பது பஸ்காரர் கையில். பார்சல் கட்டிக்கொண்டு போங்கள். மயோனேஸ் போட்ட சாண்ட்விச்சும் கோழிச் சப்மரீனும் வேண்டாம், ஏறுவதற்கு முன் அவற்றைச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். சீனிச்சம்பல் பணிஸ், கிம்புலா பணிஸ், வடை காலை வரை கெடாது. தண்ணீர்ப் போத்தலைக் கடையிலேயே வாங்குங்கள்.